பனிக்கண்டத்திற்குப் படையெடுக்கும் கப்பல்கள்

உலகின் தென்கோடியில் உள்ள அண்டார்டிகாவுக்கு ஒரு காலத்தில் ஆய்வாளர்களும் திமிங்கில வேட்டைக்காரர்களும் மட்டுமே சென்றார்கள். இன்றோ மக்கள் விடுமுறையைக் கழிக்க அங்கே செல்கிறார்கள். அர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்தில் கப்பலேறி, பேரலைகளுக்குப் பெயர்போன டிரேக் கடல்வழியை ஏறத்தாழ இரண்டு நாள்களில் கடந்தால் போதும். பென்குயின்கள் முட்டையிட்டு அடைகாக்கும் கரையிலேயே ரப்பர் படகில் போய் இறங்கிவிடலாம். 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 10,000 பேருக்கும் குறைவாகவே சென்ற இடத்திற்கு, 2023-24 பருவத்தில் மட்டும் 1,20,000-க்கும் அதிகமானோர் சென்று வந்துள்ளனர். இதைக் கண்டு மகிழ்வதா, கவலைப்படுவதா? நாம் சற்று சிந்தித்துப் பார்ப்போம்.

இந்தப் பயணங்களைத் தொடங்கிவைத்தவர் ஸ்வீடனில் பிறந்த லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட். 1966ஆம் ஆண்டு பொதுமக்களை அண்டார்டிகாவுக்கு அழைத்துச் சென்ற அவர், 1969இல் இதற்கென்றே ஒரு சிறிய கப்பலையும் கட்டினார். நேரில் பார்த்தவர்கள் அதைக் காப்பாற்றவும் முன்வருவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. இத்தகைய சிறிய கப்பல்களில் சூதாட்டக் கூடங்களைவிடப் பறவையியலாளர்களின் வகுப்புகளுக்கே மதிப்பு அதிகம். பயணிகள் எடுக்கும் திமிங்கில வால் படங்களைக் கொண்டு ஒவ்வொரு திமிங்கிலத்தையும் தனித்தனியே அடையாளம் காணும் பணியும் நடைபெறுகிறது. எனவே இதை வெறும் பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. (செலவு பல இலட்சம் ரூபாய் என்பதையும் மறந்துவிட வேண்டாம்!)

1991இல் ஏழு நிறுவனங்கள் கூடி, அண்டார்டிக் பயண நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கத்தை உருவாக்கின. 500 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் கப்பல் யாரையும் கரையிறக்கக் கூடாது, ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்கக் கூடாது, பென்குயின்களிடமிருந்து குறைந்தது 5 மீட்டர் விலகி நிற்க வேண்டும், காலணிகளைக் கழுவிக் கிருமி நீக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் உண்டு. 2024 பிப்ரவரியில் அண்டார்டிக் நிலப்பரப்பிலும் பறவைக் காய்ச்சல் உறுதி செய்யப்பட்டது. நோயைக் கொண்டுவந்தவை பறவைகளே என்று அறிவியலாளர் கருதினாலும், பயணிகள் வழியாக அது பரவிவிடக் கூடாது என்பதற்காகக் கட்டுப்பாடுகள் மேலும் இறுக்கப்பட்டன. இவை பெரும்பாலும் ஒழுங்காகவே கடைப்பிடிக்கப்படுகின்றன என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கரையில் எத்தனை பேர் நிற்கலாம் என்று விதி சொல்கிறது. மொத்தம் எத்தனை கப்பல்கள் வரலாம் என்று சொல்வார் யாருமில்லை. கடைக்காரர் சங்கமே கடைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் என்று நாம் எதிர்பார்க்க முடியுமா?

ஈக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுகளைப் பாருங்கள். அங்கே ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் அனுமதி இல்லை. எந்தக் கப்பல் எந்த நாளில் எந்தத் தீவுக்குச் செல்ல வேண்டும் என்பதைத் தேசியப் பூங்கா நிர்வாகமே முடிவு செய்கிறது. வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணமும் 2024 ஆகஸ்டு முதல் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தப்பட்டது. சொந்தக்காரர் ஒருவர் இருப்பதால் அங்கே இது முடிகிறது. அண்டார்டிகாவுக்கோ சொந்தக்காரர் என ஏற்கப்பட்டவர் எவருமில்லை. 1959இல் 12 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அதை அமைதிக்கும் அறிவியலுக்கும் உரிய இடமாக்கியது. அது மனிதகுலத்தின் அரிய சாதனைதான். எனினும் அங்கே எல்லா முடிவுகளும் ஒருமித்த கருத்துடனே எடுக்கப்பட வேண்டும். ஒரு நாடு தலையசைக்காவிட்டாலும் காரியம் நடக்காது. மேலே சொன்ன 500, 100 என்ற வரம்புகளைக் கட்டாயச் சட்டமாக்க 2009இல் ஒப்பந்த நாடுகள் முடிவு செய்தன. தேவையான அனைத்து நாடுகளின் ஒப்புதலும் வந்து சேராததால், 15 ஆண்டுகள் கடந்த பின்னும் அது நடைமுறைக்கு வரவில்லை.

இதற்கிடையே பாதிப்புகள் காத்திருக்கவில்லை. கப்பல்களும் பிற வாகனங்களும் கக்கும் கரித்துகள் பனியின் மேல் படிந்து, வெயிலை உறிஞ்சி, உருகுதலை விரைவுபடுத்துகிறது. ஒரு சுற்றுலாப் பயணியின் வருகையால் சுமார் 83 டன் பனி முன்கூட்டியே உருகுகிறது என்று 2022இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பனி உருகிப்போவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று ஓடி வருகிறவர்களும் அந்த உருகுதலில் பங்கேற்கிறார்கள்! விபத்து ஆபத்தும் உண்டு. லிண்ட்பிளாட் கட்டிய அதே கப்பல், 'எக்ஸ்ப்ளோரர்' என்ற பெயரில், 2007 நவம்பர் 23 அன்று பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. உயிர்காப்புப் படகுகளில் பல மணி நேரம் தத்தளித்த 154 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். அவர்களை மீட்டது அவ்வழியே வந்த மற்றொரு பயணிகள் கப்பல். அன்று அது அருகில் இல்லாமல் போயிருந்தால்? கடல் கொந்தளித்திருந்தால்? கனரக எண்ணெயைப் பயன்படுத்த 2011 ஆகஸ்டு முதல் தடை இருப்பது சிறிய ஆறுதல்.

இந்த விவாதம் நமக்குத் தொலைவானது அல்ல. 1983 முதல் இந்தியா அண்டார்டிக் ஒப்பந்தத்தில் வாக்குரிமை பெற்ற நாடு. 2024 மே மாதம் நம் அண்டை மாநிலத்துக் கொச்சியில் நடந்த 46ஆவது ஆலோசனைக் கூட்டத்தில்தான், சுற்றுலாவை முறைப்படுத்தும் சட்டகத்தை உருவாக்கத் தனிப் பணிக்குழு முதன்முறையாக அமர்ந்தது. 2025இல் மிலானில் நடந்த கூட்டத்திலும் பேச்சு தொடர்ந்தது. இந்தியா 2022இல் இயற்றிய அண்டார்டிக் சட்டம், அங்கே செல்லும் இந்தியப் பயணக் குழுக்களுக்கு அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆயினும் ஒரு நாட்டின் சட்டம் அந்நாட்டோடு தொடர்புடையவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும்.

பருவத்திற்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பும், பென்குயின்கள் குஞ்சு பொரிக்கும் காலத்தில் சில கரைகளை முழுமையாக மூடிவைப்பதும், ஆய்வுக்கும் மீட்புப் பணிக்கும் செலவிடப் பயணிகளிடம் கட்டணம் வசூலிப்பதும் தேவை என்றே நாம் கருதுகிறோம். இவற்றுள் கரைகளை மூடுவது ஒப்பீட்டளவில் எளிது; ஓரிரு கூட்டங்களில் உடன்பாடு காணலாம். உச்சவரம்பில்தான் இழுபறி நீளும். ஏனெனில் கப்பல்களை அனுப்பி வருவாய் ஈட்டும் நாடுகளும் அதே மேசையைச் சுற்றித்தான் அமர்ந்திருக்கின்றன.