பூட்டிய அலமாரிகள்

நூலின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் சிப்பந்தி எடுத்துவந்து தருவதே நமது கல்லூரிப் புத்தகசாலையின் வழக்கம். நூல்களின் பாதுகாப்புக்கு இது நல்ல முறைதான். ஆயின், பெயர் தெரியாத நூலை மாணாக்கன் எங்ஙனம் கேட்பான்?

கும்பகோணத்தில் 1903-ல், பள்ளிச் சிறுவராயிருந்த இராமாநுஜனுக்கு, ஜி. எஸ். கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் அரசாங்கக் கல்லூரிப் புத்தகசாலையினின்று ஒரு தோழர் மூலமாகக் கிடைத்தது. பரீட்சைக்குப் பயிற்றுவோர் ஒருவரின் தொகுப்பு அது. நிரூபணங்கள் மிகச் சுருக்கம். அக்குறையே அவரைத் தாமே நிரூபிக்கத் தூண்டியது. அத்தகைய தோழர் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. அலமாரிகளினிடையே உலாவும் உரிமை ஒருவாறு அவருக்கு ஈடாகும்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று கணிதம் போதித்துவந்த எஸ். ஆர். இரங்கநாதன், 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகரானார். முதலில் சலிப்புற்று வகுப்புக்கே திரும்ப விழைந்தவர், இங்கிலாந்தின் புத்தகசாலைகளைக் கண்டபின் மனம் மாறினார். சென்னை திரும்பி அலமாரிகளை வாசகர்க்குத் திறந்துவிட்டார். நூல்கள் உபயோகத்துக்கே என்பதை 1931-ல் வெளியிட்ட தம் நூலில் முதல் விதியாக வைத்தார். 1972-ல் மறையுமளவும் அத்துறையே அவர்தம் வாழ்வாயிற்று.

திறந்துவிட்டால் நூல்கள் களவு போகுமென்பர். சில போகலாம், வாயிலில் ஒருவரைக் காவல் வைப்பது அரிதன்று. இடம் மாறுமென்பதோ மெய்யே. அவற்றை மீள அடுக்கும் வேலையை மாணாக்கராகிய நாமே முறைவைத்துச் செய்ய ஒருப்படுகிறோம். வரும் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து, தமிழ் நூல்களும் விஞ்ஞான நூல்களும் உள்ள அறையையேனும் மாலை 4 மணி முதல் 6 மணி வரை திறந்துவைக்குமாறு அதிகாரிகளை வேண்டுகிறோம்.