கடை முதலைச் சுவரில் பூச வேண்டாம்

மன்னாரில் பழைய வீடொன்றை வாங்கித் திருத்தி வாடகைக்கு விட நினைக்கும் நம் வியாபாரிகள் பலர், கேட்ட விலையை மட்டும் பார்த்துக் கடை முதலில் கைவைக்கிறார்கள். இது ஆபத்தான வழி என்பதே எனது கருத்து.

முதலில் உறுதியைப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் நம் மக்கள் வெளியேற்றப்பட்ட பின் எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற ஊர்களில் வீடுகள் வருடக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்தன. உரிமையாளர் மௌத்தாகி, பிள்ளைகள் புத்தளத்திலும் கொழும்பிலும் இருக்கலாம். கையொப்பமிடாத வாரிசின் பங்கு உங்களுக்கு வராது. காணிப் பதிவகத்தில் தேடாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது திருத்தச் செலவு. உப்புக்காற்று கொங்கிறீட்டுக் கம்பியைத் தின்றிருந்தாலும் வெளிப்பூச்சு அதை மறைத்துவிடும். மேசனைக் கூட்டிச் சென்று கணக்கெடுத்த பின்பே விலை பேசுங்கள்.

இதற்குக் குறுகிய காலக் கடன் ஏற்றதல்ல. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது நினைவிருக்கும். வட்டியைத் தவிர்ப்போருக்குக் குறைந்துசெல்லும் முஷாரக்கா உண்டு. வங்கியும் நீங்களும் வீட்டில் பங்காளிகள். வங்கியின் பங்குக்கு வாடகை செலுத்தி, அப்பங்கைச் சிறுகச் சிறுக வாங்குவீர்கள். எனினும், குடியிருக்க ஆள் வருமுன்பே தவணை வந்துவிடலாம்.

ஆகவே திருத்தச் செலவையும் 6 மாதத் தவணையையும் கடைக்கு வெளியே ஒதுக்கிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவருடன் பங்கை எழுத்தில் வைத்துக் கூட்டாக வாங்குங்கள். அதுவும் இயலாவிட்டால் இவ்வருடம் வாங்காதிருப்பதே நல்லது. பெருநாள் சரக்கெடுக்கக் காசில்லாத கடையை அந்த வாடகை காப்பாற்றாது.