அழகுக்கா, சீரமைப்புக்கா? பிளாஸ்டிக் சர்ஜரிக்கு முன் நோயாளிகள் கேட்பதும் கேட்கத் தவறுவதும்

கொல்கத்தாவின் தென்மேற்கு விளிம்பில், ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் கார்டன் ரீச், அழகு சிகிச்சை என்றதும் நினைவுக்கு வரும் இடமல்ல. 1884-இல் சிறு பட்டறையாகத் தொடங்கி 1960-இல் மத்திய அரசின் வசமான கப்பல் கட்டும் தளம், அருகே கிதிர்ப்பூர் துறைமுகம், அரசிழந்த அவத் மன்னர் வாஜித் அலி ஷா குடியேறிய மெட்டியாப்ரூஸ், அங்கே 'ஓஸ்தாகர்' எனப்படும் தலைமைத் தையற்காரர்களின் கீழ் இயங்கும் ஆயத்த ஆடைப் பட்டறைகள் என உழைப்பால் அறியப்பட்ட பகுதி அது. ஆனால், பிளாஸ்டிக் சர்ஜரியின் இரு முகங்களும் இத்தகைய தொழிற்பகுதிகளில்தான் தெளிவாகத் தெரிகின்றன. தீக்காயத்தால் விரல்கள் சுருங்கி மடங்கிப்போன தொழிலாளிக்கு அந்தச் சிகிச்சை பிழைப்பைத் திருப்பித் தருவது. திருமணத்துக்கு முன் தலைமுடி கொட்டுவதைக் கண்டு கவலைப்படும் இளைஞருக்கு அது கைப்பேசித் திரையில் மாதத் தவணையுடன் வந்து நிற்கும் விளம்பரம். இருவரும் ஒரே சொல்லால் குறிப்பிடப்படும் சிகிச்சையைத்தான் நாடுகின்றனர். சட்டமும் வரியும் காப்பீடும் அவர்களை வேறுவேறாகப் பார்க்கின்றன.

உடலுக்குள் பிளாஸ்டிக் வைத்துத் தைப்பார்களா என்ற ஐயம் இன்றும் பலரிடம் உண்டு. வடிவமைத்தல், உருக்கொடுத்தல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பிளாஸ்டிக் என்னும் பொருளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தமிழக அரசு மருத்துவமனைகளில் இத்துறை 'ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைத் துறை' என்ற பெயரால் அறியப்படுகிறது. இதன் நவீன வரலாறே ஒரு சீரமைப்பிலிருந்துதான் தொடங்குகிறது. மைசூர்ப் போரில் பிடிபட்டு மூக்கு அறுக்கப்பட்ட ஒரு வண்டிக்காரருக்கு, நெற்றித் தோலைக் கொண்டு புது மூக்கு அமைத்த இந்திய வைத்தியரின் முறை, 1794-இல் லண்டன் இதழ் ஒன்றில் வெளியானது. அதைப் படித்தே ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் அந்த முறையைக் கையாளத் தொடங்கினர்.

ஆலோசனைக்கு வருவோர் வழக்கமாகக் கேட்பவை முடிவைப் பற்றிய கேள்விகளே. தழும்பு தெரியுமா? எத்தனை ஆண்டு நிலைக்கும்? வலிக்குமா? எவ்வளவு செலவாகும்? இவற்றுக்கு நேர்மையான பதில்கள் உண்டு. விளம்பரத்தில் அவை இடம்பெறுவதில்லை.

தோலை வெட்டினால் தழும்பு உண்டு. தழும்பை மறைவான இடத்தில் அமைக்கலாம், மெலிதாக்கலாம். இல்லாமல் செய்ய இயலாது. அது முழுமையாக முதிர்ந்து நிறம் தணிய 12 முதல் 18 மாதங்கள் ஆகும். கருநிறத் தோலில் தழும்பு தடித்து வளரும் 'கீலாய்டு' வாய்ப்பு அதிகம் என்பதால், காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ அப்படித் தடித்ததுண்டா என்று மருத்துவர் கேட்பார். கேட்காவிட்டால் நோயாளியே சொல்லிவிட வேண்டும். பீடி, சிகரெட் பழக்கத்தையும் மறைக்கக் கூடாது. நிக்கோடின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், ஒட்டிய தோல் இரத்த ஓட்டமின்றிக் கருகக்கூடும். குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்துமாறு மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

கொழுப்பு நீக்க சிகிச்சையான லைப்போசக்‌ஷன், எடைக் குறைப்புக்கான வழியன்று. உணவுக் கட்டுப்பாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் அசையாத கொழுப்பை ஓரிடத்திலிருந்து அகற்றி வடிவம் தருவது மட்டுமே அதன் பணி. ஒரே அமர்வில் ஐந்து லிட்டருக்கு மேல் அகற்றுவது 'பேரளவு' எனக் கருதப்படுகிறது. அதற்கு மருத்துவமனையில் தங்கிக் கண்காணிப்பில் இருப்பது அவசியம். முடி மாற்று சிகிச்சை புதிய முடியை உண்டாக்குவதில்லை. பின்தலையில் இருப்பதை எடுத்து முன்தலையில் நடுகிறது. நட்ட முடி சில வாரங்களில் உதிர்வது இயல்பே. மூன்று, நான்கு மாதங்களுக்குப் பின் முளைக்கத் தொடங்கி, முழுத் தோற்றம் கிடைக்க ஓராண்டு ஆகும். மார்பகத்தில் பொருத்தப்படும் சிலிக்கான் பைகள் ஆயுள் முழுவதற்குமானவை அல்ல. சொரசொரப்பான பரப்புடைய ஒருவகைப் பைகள் அரிதான நிணநீர்ப் புற்றுநோயுடன் தொடர்புடையவை எனக் கண்டறியப்பட்டு, 2019 ஜூலையில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பை எந்த நிறுவனத்துடையது, வரிசை எண் என்ன என்ற அட்டையைக் கேட்டு வாங்கி வைத்திருந்தவர்களுக்கே அன்று தங்கள் உடலில் இருப்பது எது என்று உடனே தெரிந்தது. நிறத்தை வெளுப்பாக்கும் என்று விற்கப்படும் குளுட்டாதயோன் ஊசிக்கு, அந்தப் பயன்பாட்டுக்கென நாட்டில் அனுமதியே இல்லை.

உயிர் போன நிகழ்வுகளைப் பார்த்தால், அவை பெரும்பாலும் இந்தக் கேள்விகளைச் சுற்றி நடக்கவில்லை. கேட்கப்படாத வேறு கேள்விகளைச் சுற்றியே நடந்துள்ளன. 2016 மே மாதம் சென்னையில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்ட 22 வயது இளைஞர், உடல்நிலை மோசமாகி வேலூர் மருத்துவமனையில் உயிரிழந்தார். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர். சிகிச்சை நடந்த இடத்துக்கு முடிதிருத்தும் நிலையத்துக்கான உரிமம் மட்டுமே இருந்தது பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தது. மருத்துவம் பயின்றவரே இடத்தின் உரிமத்தைக் கேட்கவில்லை எனில், பட்டறைத் தொழிலாளி கேட்பார் என எதிர்பார்ப்பது நியாயமாகாது. 2022 மே 16 அன்று பெங்களூருவில் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ், கொழுப்பு நீக்க சிகிச்சைக்குச் சென்று உயிரிழந்தார். அவருக்கு வயது 21. 2025 மார்ச்சில் கான்பூரில் முடி மாற்று சிகிச்சைக்குப் பின் பொறியாளர் ஒருவர் இறந்த வழக்கில், சிகிச்சை அளித்ததாகக் குற்றம்சாட்டப்பட்டவர் ஒரு பல் மருத்துவர்.

டெல்லியில் நிகழ்ந்த இதுபோன்றதொரு மரணம் உயர் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்த பின்னர், தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அழகியல் அறுவை சிகிச்சையும் முடி மாற்று சிகிச்சையும் அதற்கான முறையான பயிற்சி பெற்ற பதிவு பெற்ற மருத்துவர்கள் மட்டுமே செய்ய வேண்டியவை. பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்தது பயிற்சியாகாது என்று அது கூறியது. அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில், வாய் மற்றும் முகச்சீரமைப்பு அறுவை மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களும் இவற்றைச் செய்யலாம் என அறிவித்தது. தோல் மருத்துவர்கள் இதை ஏற்கவில்லை. விவகாரம் நீதிமன்றங்கள் வரை சென்றது. துறைகளுக்கிடையேயான எல்லைத் தகராறு எப்படி முடிந்தாலும், நோயாளிக்குப் பயன்படும் கேள்வி மாறப்போவதில்லை. கத்தியைப் பிடிப்பவரின் முதுநிலைப் பட்டம் எது, அது எந்தக் கவுன்சிலில் எந்த எண்ணில் பதிவாகியுள்ளது? பிளாஸ்டிக் சர்ஜரிக்கான உயர் பட்டம் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. 'காஸ்மெட்டிக் நிபுணர்' என்ற பெயர்ப்பலகை பட்டமாகாது. சில வாரச் சான்றிதழ்ப் படிப்பும் அதற்கு ஈடாகாது.

அடுத்து மயக்க மருந்து. அழகு சிகிச்சைகளில் இறப்பு நேரும்போது பெரும்பாலும் அறுத்த இடம் காரணமாவதில்லை. அளவு மீறிய மரத்துப்போகும் மருந்து, நுரையீரலைச் சென்றடைந்த கொழுப்புத் துளி அல்லது இரத்தக் கட்டி, கவனிக்கப்படாமல் குறைந்த ஆக்சிஜன் ஆகியவையே அபாயமாகின்றன. மயக்கவியல் மருத்துவர் சிகிச்சை முடியும்வரை அறையில் இருப்பாரா, அவசர நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உண்டா, இல்லையெனில் எங்கே கொண்டு செல்வார்கள் என்பதைக் கேட்பது மருத்துவரைச் சந்தேகிப்பதாகாது. நல்ல மருத்துவர் இதற்குப் பதில் சொல்லத் தயங்குவதில்லை.

சட்டம் நோயாளியின் பக்கம் இருப்பது ஒப்புதல் படிவத்தில். சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் அளித்த தீர்ப்பின்படி, ஒரு சிகிச்சைக்குத் தரப்பட்ட ஒப்புதல் வேறொரு சிகிச்சைக்குப் பொருந்தாது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், அபாயங்கள் ஆகியவற்றைச் சொல்லிப் பெறுவதே உண்மையான ஒப்புதல். அச்சிட்ட ஆங்கிலப் படிவத்தில் வாங்கப்படும் கையெழுத்து மட்டும் போதாது. வங்காளமோ உருதுவோ மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு அந்த மொழியில் விளக்க வேண்டும். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நன்னெறி விதிமுறை. மேற்கு வங்கத்தில் 2017-இல் இயற்றப்பட்ட மருத்துவ நிறுவனச் சட்டத்தின்கீழ் ஒழுங்குமுறை ஆணையம் ஒன்று செயல்படுகிறது. கட்டணம், சேவைக் குறைபாடு தொடர்பான புகார்களை அங்கே அளிக்கலாம். மருத்துவரின் அலட்சியம் பற்றிய புகார் மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு உரியது. இந்த வேறுபாடு தெரியாமல் தவறான வாசலில் காத்திருந்து மாதங்களை இழப்போர் உண்டு.

செலவு பற்றிய கேள்வியில்தான் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பெரிய சிக்கல். தோற்றத்தை மாற்றுவதற்கான சிகிச்சையை மருத்துவக் காப்பீடு ஏற்பதில்லை என்பது பலருக்கும் தெரியும். அந்த விலக்குக்கு உள்ளேயே விதிவிலக்கு இருப்பது தெரிவதில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்கு விதி, விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பையும், உடனடி உடல்நல ஆபத்தை நீக்குவதற்கான சிகிச்சையையும் விலக்கிலிருந்து விடுவிக்கிறது. இரண்டாவதற்கு மருத்துவரின் சான்று வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரியும் ஏறத்தாழ இதே கோட்டைத்தான் போட்டிருக்கிறது. மருத்துவ சேவைக்கு வரிவிலக்கு உண்டு, முடி மாற்று சிகிச்சைக்கும் அழகு சிகிச்சைக்கும் இல்லை. ஆனால் பிறவிக் குறைபாடு, வளர்ச்சிக் குறைபாடு, காயம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உறுப்பின் அமைப்பையோ செயல்பாட்டையோ மீட்பதற்கு விலக்கு தொடர்கிறது. ஆகவே, மருத்துவக் குறிப்பில் எழுதப்படும் ஒரு சொல், குடும்பத்தின் பல மாத வருமானத்தைத் தீர்மானிக்கிறது. கழுத்தில் தீக்காயத் தழும்பு இழுத்து, தலையை நிமிர்த்த முடியாத பெண்ணுக்குச் செய்வது 'தழும்பு நீக்கம்' என்று எழுதப்பட்டால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். 'தீக்காயச் சுருக்க விடுவிப்பு' என்று, காயமடைந்த தேதியுடனும் இயக்கக் குறைவின் அளவுடனும் எழுதப்பட்டால் நிலைமை வேறு. இரண்டும் ஒரே அறுவை.

அமில வீச்சுக்கு ஆளானவர்களின் நிலை இதைவிடக் கடுமையானது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில், இக்குற்றத்தின் எண்ணிக்கையில் மேற்கு வங்கம் தொடர்ந்து முன்வரிசையில் இருந்து வருகிறது. லட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் குறைந்தபட்ச இழப்பீடாக மூன்று லட்சம் ரூபாயை நிர்ணயித்தது. 2015 ஏப்ரலில், தனியார் மருத்துவமனைகளும் இவர்களுக்குச் சீரமைப்பு அறுவை உட்பட முழுச் சிகிச்சையையும் இலவசமாக அளிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. முதலுதவியுடன் கடமை முடிந்தது எனத் திருப்பி அனுப்பும் மருத்துவமனைக்கு இந்த உத்தரவை நினைவூட்டும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. ஒருவருக்குப் பத்து, இருபது அறுவைகள்கூடத் தேவைப்படும் சிகிச்சை இது. இவற்றுள் எது சீரமைப்பு, எது அழகு என்று பிரிப்பது அநீதியாகவே முடியும்.

இந்தக் கோடு அவ்வளவு உறுதியானதா என்ற கேள்வியைத் தமிழகம் எழுப்பியிருக்கிறது. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகியல் சிகிச்சைக்குத் தனிப் பிரிவு தொடங்கப்பட்டபோது, ஏழைகளுக்கு மட்டும் அழகு சிகிச்சை ஏன் மறுக்கப்பட வேண்டும் என்பது அன்றைய சுகாதாரத்துறை அமைச்சர் சி.விஜயபாஸ்கரின் வாதம். உயிர்காக்கும் சிகிச்சைக்கே நிதி போதாதபோது இது தேவையா என்று எதிர்ப்பும் எழுந்தது. இரண்டாவது வாதம் வலுவானதே. எனினும், மிகப் பெரிய மார்பகத்தின் பாரத்தால் முதுகு வலியுடன் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் பெண்ணும், மார்பு பெருத்த காரணத்தால் சட்டையைக் கழற்றக் கூசும் இளைஞரும் கோட்டின் எந்தப் பக்கம் என்பதை எந்த அட்டவணையும் தீர்த்துவைக்கவில்லை.

மேற்கு வங்க நோயாளிகளில் கணிசமானோர் சென்னைக்கும் வேலூருக்கும் வருவதால், அவர்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கார்டன் ரீச்சைத் தலைமையிடமாகக் கொண்ட தென்கிழக்கு ரயில்வேயின் கோரமண்டல் விரைவு ரயிலில் சென்னையை அடைய ஒரு நாளுக்கும் மேலாகிறது. அறுவைக்குப் பின் அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார்ந்திருந்தால் காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும். எத்தனை நாளில் ஊர் திரும்பலாம் என்பதற்குத் தையல் பிரிக்கும் நாள் மட்டும் விடையாகாது. வயிறு, தொடை அறுவைகளுக்குப் பின் சில வாரங்களேனும் நீண்ட பயணத்தைத் தவிர்க்குமாறு கூறப்படும். தங்கும் வாடகையையும் இழக்கும் கூலியையும் முதலிலேயே செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீடு திரும்பிய பிறகு காயம் சீழ் பிடித்தால் யாரைப் பார்ப்பது என்பதும் புறப்படும் முன்பே முடிவாக வேண்டும். கொல்கத்தாவின் எஸ்.எஸ்.கே.எம். அரசு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை உள்ளது. சென்னையில் தரப்படும் சிகிச்சை அறிக்கையில் செய்யப்பட்ட அறுவையின் விவரம், பொருத்தப்பட்ட பொருளின் எண், கொடுத்த மருந்துகள், இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் ஆகியவை இருந்தால், அங்குள்ள மருத்துவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.