பூண்டுலோயாவின் தாத்தாமார்

பூண்டுலோயாவிலே பிறந்து, மலையிலே உழைத்து, லயக் காம்பராவிலேயே கண்மூடிய தாத்தாமார் எத்தனையோ பேர். ஊரைவிட்டு எங்கும் போகாத அவர்களைத்தான் சட்டம் ஒருநாள் அந்நியராக்கிற்று.

அப்பகுதியின் மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிற்று. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. அவரை அனுப்பிய கைகள் பலவற்றில் அடுத்த தேர்தலின்போது வாக்குச்சீட்டு இல்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்றாயிற்று. எஞ்சிய நாடற்றோருக்கு வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது. அதற்குள் தாத்தாமார் பலர் மண்ணுக்குள் போய்விட்டனர்.

சி.வி. 1984இல் மறைந்தார். தோட்டத்து மக்களின் பாடல்களை அவர் தொகுத்ததால் அவை ஏட்டில் நின்றன. எழுதத் தெரியாத தாத்தாவின் வாழ்வை யார் தொகுப்பது?

பேரப்பிள்ளைகளே, நீங்கள்தாம். எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த ஆண்டு பிரஜாவுரிமை என்பவற்றையாவது எழுதி வையுங்கள். காணி உறுதி கிடைக்காத மக்களுக்கு, எழுதிவைத்த நினைவே முதல் உறுதி.