முகதாட்சண்ய வியாபாரம்

அமெரிக்காவில் எர்ல் டப்பர் என்பவர் 1940-களில் ஒரு பிளாஸ்டிக் டப்பா செய்தார். காற்றுப் புகாத மூடி, அருமையான சாமான். ஆனாலும் கடைகளில் சரியாகப் போகவில்லை. மூடியின் நடுவை அழுத்தி, ஓரத்தை லேசாகத் தூக்கி, உள்ளே இருக்கும் காற்றை 'புஸ்' என்று வெளியேற்றிவிட்டு மூட வேண்டும். அலமாரியில் இருக்கும் டப்பா இதையெல்லாம் சொல்லுமா?

சொல்லிக் கொடுத்தவர் பிரவுனி வைஸ், மகனைத் தனியாக வளர்த்துவந்த பெண். யாராவது ஒருத்தி தன் வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டுவாள். வைஸ் டப்பாவில் பழரசத்தை ஊற்றி மூடி, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வீசுவார். ஒரு சொட்டு சிந்தாது! விற்பனையைப் பார்த்த டப்பர் 1951-இல் அவரைத் துணைத் தலைவராக்கி, கடைகளிலிருந்து சரக்கையே திரும்ப எடுத்துக்கொண்டார். இனி வீட்டுக் கூட்டம் மட்டும்தான். 1954-இல் 'பிசினஸ் வீக்' பத்திரிகை அட்டையில் வந்த முதல் பெண் வைஸ். 1958-இல் டப்பர் அவரை வெளியே அனுப்பினார். கம்பெனியில் ஒரு பங்குகூடக் கையில் இல்லை. அதே ஆண்டு டப்பர் கம்பெனியையும் விற்றுக் காசாக்கிவிட்டார்.

டப்பரின் கம்பெனியான டப்பர்வேர் இந்தியாவுக்கு வந்தது 1996-இல். நம் அடுக்குமாடி வீடுகளிலும் கூட்டம் கூடியது. பஜ்ஜி, காபி, நடுவில் டப்பா. நல்ல டப்பாதான், மறுக்கவில்லை. ஆனால் காபி கொடுத்தவளின் முகத்தைப் பார்த்து எப்படி 'வேண்டாம்' என்பது? எதிர்வீட்டுக்காரி வேறு இரண்டு வாங்கிவிட்டாள். சின்னக் கூட்டத்தின் முதலீடே இந்த முகதாட்சண்யம். 'உங்களைப் போன்ற சிலருக்கு மட்டும்' என்று இன்று எந்தத் துணிக்கடை அழைத்தாலும் எனக்கு அந்த பஜ்ஜியின் எண்ணெய் வாசனை அடிக்கிறது.

வங்காளிகள் இதில் நேர்மையானவர்கள் என்பேன். நம் சித்திரை முதல் நாளை ஒட்டி வரும் அவர்களுடைய புத்தாண்டன்று கடைகளில் 'ஹால் காத்தா'. சிவப்புத் துணி அட்டை போட்ட புதுக் கணக்கு நோட்டை லட்சுமி, பிள்ளையார் முன் வைத்துப் பூஜை செய்வார்கள். வாடிக்கையாளர்களை அழைத்து இனிப்புப் பெட்டியும் காலண்டரும் கொடுப்பார்கள். வந்தவர் பழைய பாக்கியைத் தீர்ப்பார். முடியாவிட்டால் கொஞ்சமாவது கட்டுவார். இனிப்பு எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும், ஒளிவுமறைவே இல்லை. கொல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட் பதிப்பாளர்கள் அன்று எழுத்தாளர்களைக் கூப்பிட்டு உபசரிப்பதும் வழக்கம். (நம் பதிப்பாளர்கள் கவனிக்கவும்.)

எங்கள் தெரு மெக்கானிக்கும் ஆயுத பூஜைக்கு வாடிக்கைக்காரர்களைக் கூப்பிடுவார். "வாங்க சார், முதல்ல பொரி எடுத்துக்குங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போடுவார். வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார். பையன் எந்த காலேஜில் சேர்ந்தான் என்று விசாரிப்பார். கிளட்ச் தேய்ந்திருப்பது வண்டி உள்ளே நுழையும் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும்; அன்றைக்கு வாயைத் திறக்க மாட்டார். விஜயதசமி கழிந்த மறுநாள் காலை போன் வரும்.