எழுவாய் மாற்றம் அறிவோம்

தாயகத்தில் தமிழில் கணிதம் பயின்ற பெற்றோர் பலர், பிள்ளைகளின் அட்சரகணிதக் கொப்பியைக் கண்டால் ஒதுங்கிக்கொள்கின்றனர். கேரம் டவுன்ஸ் பகுதியில் வாழும் எம்மவர் இல்லங்களும் இதற்கு விலக்கல்ல. மொழி ஆங்கிலம், முறையும் வேறெனத் தோன்றுகிறது. ஆயினும் நாம் கற்ற கல்வி இங்கு செல்லாக்காசாகிவிடவில்லை.

"சூத்திரத்தின் எழுவாயை மாற்றுக" என்பது எமக்குப் பழக்கமான வினா. எழுவாய் என்பது இலக்கணச் சொல். "கந்தன் மரத்தை வெட்டினான்" என்பதை "மரம் கந்தனால் வெட்டப்பட்டது" எனலாம். எழுவாய் மாறியது, செய்தி மாறவில்லை. சூத்திரத்திலும் அவ்வாறே. வேண்டிய கணியத்தைச் சமன் குறியின் ஒரு பக்கத்தில் தனியே நிறுத்துகிறோம், உண்மை மாறுவதில்லை.

குடும்பமொன்று 5000 டொலர் கடன் பெறுகிறது. மூன்றாண்டு முடிவில் ஒரே தடவையில் 5900 டொலர் திருப்பிக் கொடுக்கவேண்டுமாம். ஆண்டு வட்டி வீதம் யாது? எளிய வட்டிக்குரிய சூத்திரம் இது:

தொகை = முதல் + (முதல் × வீதம் × காலம் ÷ 100)

இங்கு வீதத்தை எழுவாயாக்க வேண்டும். இறுதியாகச் சேர்ந்ததை முதலில் நீக்குக. சப்பாத்தைக் கழற்றிய பின்னரன்றோ காலுறையைக் கழற்றுகிறோம்! ஆகவே இரு பக்கத்திலிருந்தும் முதலைக் கழிக்கவேண்டும். பின்னர் இரு பக்கத்தையும் 100 ஆற் பெருக்கி, முதலும் காலமும் பெருக்கிவந்த தொகையால் வகுக்கவேண்டும்.

வீதம் = (தொகை − முதல்) × 100 ÷ (முதல் × காலம்)

அதாவது 900 × 100 ÷ 15000 = 6. ஆண்டுக்கு 6 வீதம். மாதத் தவணையாகக் கட்டுவதாயின் முதல் குறைந்துகொண்டே செல்லும். அந்நிலையில் அதே 900 டொலர் வட்டிக்கு உண்மை வீதம் இதனிலும் மிகக் கூடியதென்பதை மறத்தலாகாது. வீதத்தைத் தனியே பிரித்தறியத் தெரிந்தவரே கடன் பத்திரத்தில் ஒப்பமிடுமுன் கேள்வி கேட்க வல்லவர்.

"பக்கம் மாறினாற் குறி மாறும்" என்று நாம் மனனஞ் செய்தோம். இங்குள்ள வகுப்புகளிலோ "இரு பக்கத்துக்கும் ஒன்றையே செய்க" என்று பெரும்பாலும் கற்பிக்கின்றனர். தராசின் இரு தட்டிலும் சமமாக எடுத்தால் அது சாயாது என்பதே இரண்டுக்கும் அடிப்படை. எமது விதி சுருக்கம். அவர்களது விதி விளக்கம். காரணம் அறியாது சுருக்கத்தை மாத்திரம் கொடுத்தால், பெருக்கலில் நிற்கும் எண்ணையும் கழித்தலாக மாற்றி எழுதிப் பிள்ளை இடறக்கூடும்.

அட்சரகணிதம் தமிழுக்குப் புதிதன்று. வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற கறோல் விசுவநாதபிள்ளை 1855ஆம் ஆண்டிலேயே "வீசகணிதம்" என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகவும் அவர் விளங்கினார்.

ஆகவே பெற்றோரே, கொப்பியைக் கண்டு விலகவேண்டாம். பிள்ளையின் அருகில் அமர்ந்து, "இந்தப் படியை ஏன் செய்தாய்?" என்று தமிழிற் கேளுங்கள். அது விடை கூறும்போது கணிதம் தெளிவுறும். தமிழும் நாவிற் பயிலும்.