மாலை பெற்ற ஆறு



அரசனுக்கு மாலை, ஆன்றோர்க்கு மாலை கண்ட உலகம், 2010ஆம் ஆண்டிலே ஓர் ஆற்றுக்கும் மாலை சூட்டிற்று. ஆஸ்திரேலியாவிலே வழங்கப்பட்ட பன்னாட்டு ஆற்று விருது, இலண்டனின் தேம்ஸ் ஆற்றுக்குக் கிடைத்தது.

எந்தத் தேம்ஸ்? 1858ஆம் ஆண்டுக் கோடையிலே நாறிக் கிடந்த தேம்ஸ்! அதன் நீரைக் குடித்த ஏழைகள் வாந்திபேதியால் ஆயிரமாயிரமாய் மாண்டபோது தயங்கிய பார்லிமெண்டு, தன் பலகணி வழியே நாற்றம் நுழைந்ததும் பதறிற்று. மருந்துநீரில் நனைத்த திரைகளைத் தொங்கவிட்டது. 18 நாளில் சட்டம் இயற்றிற்று. உயிருக்கு இரங்காதவர் மூக்குக்கு இரங்கினர்!

பசல்கெட் என்னும் பொறியாளர் பாதாளச் சாக்கடை அமைத்தார். நகரம் பிழைத்தது. கழிவு எங்கே போயிற்று? கிழக்கே, கழிமுகத்திலே! 1957இல் அறிஞர்கள் அந்தப் பகுதியை உயிரற்றது என்றனர்.

பின்னர்க் கழிவைத் தூய்மையாக்கும் நிலையங்கள் வளர்ந்தன. 1974இல் சால்மன் மீன் மீண்டும் தென்பட்டது. இன்று கடல்நாயும் கடற்குதிரையும் அங்கே வாழ்கின்றன. அந்த உழைப்புக்கே மாலை!

ஆயினும், மாலை விழுந்த பின்னும் மழைநாளிலே கழிவு கலந்தது. அதைத் தடுக்கும் 25 கிலோமீட்டர்ச் சுரங்கம் 2025இல்தான் முழுதும் இணைந்தது.

ஆகவே தோழர்களே, ஆற்றை மீட்டவர்க்கு விருது வழங்குக, மனமார வழங்குக! ஆனால், ஆள்வோர் உலவும் படித்துறையை மட்டும் பார்த்து வழங்காதீர். எளியவன் வலைவீசும் கழிமுகத்துக்குச் சென்று, நீரைக் கையில் அள்ளிப் பார்த்து வழங்குக. மறு ஆண்டும் சென்று பார்க்க!